பொன்னியின் செல்வன்: பார்த்தவர் சொன்னதும் கல்வெட்டுச் சொல்வதும்

உயர்தர வகுப்பு மாணவர்களின் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சோழர் கால இலக்கியத்தின் அரசியற் பின்னணியை விளக்குமாறு கேட்டிருந்தது வினா. ஒரு மாணவன், சுந்தர சோழனின் மூத்த மகனான ஆதித்த கரிகாலன், பழுவேட்டரையரின் மனைவி நந்தினியின் சூழ்ச்சியாற் கடம்பூர் மாளிகையில் உயிர் துறந்தான் என்று எழுதியிருந்தான். மறுநாள் வகுப்பில், இதனை எங்கே படித்தாய் என்று கேட்டேன். "படத்தில அப்படித்தானே சேர் வருகுது" என்றான். அடுத்த வாங்கில் இருந்த மாணவி உடனே எழுந்து, "படம் பிழை சேர். நாவலில ஆர் கொன்றது என்று தெளிவாச் சொல்லவேயில்லை" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கால் மணி நேரம் விவாதம் நடந்தது. படம் சரியா, நாவல் சரியா என்பதே வழக்கு. மூன்றாவதாக ஒரு சாட்சி உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது சாட்சியைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். ஆயினும் முதலிரண்டு சாட்சிகளும் எங்கள் ஊரில் எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதைச் சொல்லாமல் அங்கே போக இயலாது.

மணிரத்தினம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' முதற்பாகம் 2022 செப்டெம்பர் 30இல் வெளிவந்தது; இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28இல். முதற்பாகம் வந்தபோது இலங்கை எந்த நிலையில் இருந்தது என்பதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை. மாவுக்கும் பால்மாவுக்கும் கட்டுப்படியாகாத விலை. மருதமுனையிலே நூல் விலை தறிக்காரரின் கைக்கெட்டாத உயரத்திற் போய் நின்றது. பாவு ஓடாத தறிகளைப் பல வீடுகளிற் கண்டோம். இத்தகைய காலத்திலும் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறிப் போய்ப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் இருந்தனர். பின்னாளிற் கைப்பேசியின் சிறு கண்ணாடியிற் பார்த்தவர்களோ அவர்களைவிடப் பன்மடங்கு. பட்டினியும் பொற்கிரீடமும் ஒரே காலத்தில் மனிதன் மனத்தில் இடம்பெறுவது புதுமையன்று. நிகழ்காலம் கசக்கும்போது பழங்காலத்தின் இனிப்பு மிகும்.

அபிப்பிராயங்களைக் கேட்டேன். நாவலின் ஐந்து பாகங்களையும் வாசிகசாலையில் இரவல் பெற்றுப் படித்த தலைமுறையினர் பெரும்பாலும் கோபமாயிருந்தனர். மணிமேகலை எங்கே, சேந்தன் அமுதனுக்கு நேர்ந்த அநியாயம் என்ன, பூங்குழலியின் பாட்டை ஏன் சுருக்கினார்கள் என்று கணக்குக் கேட்டனர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வந்தியத்தேவனின் குறும்பு படத்தில் இருக்கிறது, ஆனால் அவனுடைய பயம் இல்லை என்றார். நான் கேட்ட விமர்சனங்களில் மிகக் கூர்மையானது இதுவே. நாவலைத் தொட்டறியாத இளைஞர்கள், பெயர்களின் நெரிசலில் தாங்கள் திணறியதை ஒப்புக்கொண்டனர். ஆனால் கப்பலும் கடலும் குதிரையும் வால்வெள்ளியும் அவர்களை மயக்கியிருந்தன. வேறுலகக் கதை ஒன்றைப் பார்க்கும் அதே கண்ணாலேயே அவர்கள் இதனையும் பார்த்தனர். அதிற் பிழை காண்பதற்கில்லை. பேயும் பூதமும் இல்லாவிடினும் இது ஒரு மாயக்கதைதான்.

எங்கள் ஒழுங்கையில் நாற்பது ஆண்டுகளாகத் தறியில் இருக்கும் ஒரு காக்காவின் கருத்தோ முற்றிலும் வேறு. படம் முழுவதும் அவர் பார்த்தது துணியை. "இவ்வளவு பட்டும் ஆரு தம்பி நெய்தது? மூணு மணித்தியாலத்தில ஒரு தறியக்கூடக் காட்டல்லியே!" என்றார். அன்று சிரித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தமிழகத்திலோ விவாதம் வேறு திசையிற் சென்றது. முதற்பாகம் வெளிவந்த அதே வாரத்தில், இராசராசனை இந்து மன்னனாக்கி நமது அடையாளங்களைப் பறிக்கிறார்கள் என்று இயக்குநர் வெற்றிமாறன் பேசினார். சைவம், வைணவம், சமணம் என்ற சமயங்களே அக்காலத்தில் இருந்தன, இந்து என்னும் பெயர் பின்னர் வந்தது என்று கமல்ஹாசன் சொன்னார். எதிர்ப்பும் ஆதரவும் ஒரு மாதம் வரை கொதித்தன. படம் ஒன்றினால் இத்தகைய கேள்வி எழுந்தது நல்லதே. ஆனால் அந்த வாதத்திலும் பேச்சு மன்னனைப் பற்றியதாகவே இருந்தது. மன்னனின் நெற்றியில் எந்தக் குறி இருந்தது என்று வாதிட்டவர்கள், அவனுடைய களஞ்சியத்தில் யாருடைய நெல் இருந்தது என்று வாதிடவில்லை.

இனி நாவலுக்கு வருவோம். கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 'பொன்னியின் செல்வ'னைத் தமது வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். அதே ஆண்டின் இறுதியில் அவர் மறைந்தார். மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் மணியத்தின் சித்திரங்களோடு அது தமிழ் வீடுகளில் நுழைந்தது. பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டி வைத்த குடும்பங்கள் எத்தனையோ. தேசிய இயக்கத்தில் சிறை சென்றவர் கல்கி. அந்நியன் அப்போதுதான் வெளியேறியிருந்தான். புதிய ஆட்சியாளர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும் என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருந்தது. கைக்கு வந்த முடியைப் பிறருக்குக் கொடுத்துவிடும் இளவரசனை அவர் நாயகனாக்கியதும், கடைசிப் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயரிட்டதும் காரணமில்லாமல் அல்ல. பத்தாம் நூற்றாண்டைப் பற்றி எழுதியபோதும் அவர் 1950ஆம் ஆண்டின் கனவையே எழுதினார். 1958இல் எம்.ஜி.ஆர். இதனைப் படமாக்கப் போவதாக அறிவித்தார், அது நிறைவேறவில்லை. பின்பும் பலர் முயன்றனர். கதை கைமாறிக் கைமாறி அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. அந்த இடைவெளியிலே, ஒரு தொடர்கதை மெல்ல மெல்லச் சரித்திரமாகிவிட்டது.

இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2004 டிசெம்பர் கடல்கோளுக்குப் பின் எங்கள் குடும்பம் கொட்டிலில் இருந்த மாதங்களில், யாரோ உலர்த்தி வைத்திருந்த 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தது. நீரூறித் தடித்த தாள்கள். முதற்பாகம் இல்லாமலே அதைப் படித்தேன். அந்தப் பாகத்திற் பெரும்பகுதி ஈழத்தில் நடப்பது. எங்கள் தீவின் அநுராதபுரமும் காடுகளும் அவ்வளவு அழகாக எழுதப்பட்டதை நான் அதுவரை கண்டதில்லை. பல்கலைக்கழகத்தில் நீலகண்ட சாஸ்திரியாரையும் சதாசிவ பண்டாரத்தாரையும் கற்கும்வரை, அருள்மொழிவர்மன் இளவரசனாக ஈழத்துக்கு வந்து விகாரைகளைப் புதுப்பித்தான் என்றே நம்பியிருந்தேன். எனவே அந்த மாணவனின் தாளில் நான் இட்ட சிவப்புக் கோடு என் மீதும் விழவேண்டியதே.

கல்கி யாரையும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேற்கூறிய இரு அறிஞர்களின் நூல்களைப் பயன்படுத்தியதை அவரே சொல்லியிருக்கிறார். கதை முடிந்ததும், நிறைவு கொள்ளாத வாசகர்களின் கேள்விகளுக்கு முடிவுரை ஒன்றில் விடை கூறினார். அதாவது, இன்று படத்தைப் பார்த்து 'இப்படி முடிக்கலாமா' என்று கேட்கிறவர்களின் பாட்டன்மார் 1954இல் கல்கியையே அவ்வாறு கேட்டனர்.

அப்படியானால் சாசனம் என்ன சொல்கிறது? தென்னார்க்காட்டுக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரத்தில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. 'பிரமாதிராசன்' என்பது சோழர் ஆட்சியில் உயர்பதவியிலிருந்த பிராமண அதிகாரிகளுக்கு வழங்கிய பட்டம். நந்தினி அங்கே இல்லை. அவள் கல்கியின் படைப்பு. பட்டத்துக்குப் போட்டியாளனாயிருந்த உத்தம சோழனுக்கு இக்கொலையிற் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். பண்டாரத்தார் அதனை மறுத்தார். அறிஞர் வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

ஆனால் என் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்பியது கொலைகாரரின் பெயர்களை அல்ல. அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதைத்தான். இளவரசனுக்கு இரங்கி எவரும் அதனைப் பொறிக்கவில்லை. துரோகிகளின் உறவினருடைய நிலங்களைப் பறிமுதல் செய்து விற்கும்படி அரசன் ஆணையிட்டான். அவ்வாறு விற்கப்பட்ட நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கி அறத்துக்கு விட்டார். அந்தக் கிரயத்தை உறுதிப்படுத்தவே கல் பேசுகிறது. சோழ நாட்டின் முடிக்குரிய மூத்த மகன் கொல்லப்பட்ட செய்தி, ஒரு காணி உறுதியின் முன்னுரையாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது! நாவலிலே அறை இருள்கிறது, விளக்கு அணைகிறது, கத்தி யாருடைய கையில் என்பது புலப்படவில்லை. படம் அந்த இருளுக்குத் தனது விடையைத் தந்தது. இரண்டிலும் காணியைப் பற்றிய பேச்சே இல்லை. கொலையாளியின் சகோதரனும் தாயும் எந்தக் குற்றத்துக்காக நிலமிழந்தனர் என்று கேட்கவேண்டியவர்கள் நாம்.

ஈழத்துக் காட்சிகளுக்கு வருகிறேன். இங்கேதான் எங்களைப் போன்றோருக்கு இந்தக் கதை வெறும் கதையாக இருக்க முடியாமற் போகிறது. நாவலில் அநுராதபுரத்துப் பிக்குமார் இலங்கையின் முடியையே அருள்மொழிக்கு அளிக்க முன்வருகின்றனர், அவன் மறுத்துவிடுகிறான். படத்திலும் அக்காட்சி உண்டு. தாய்லாந்திற் படம்பிடித்த காட்டை ஈழமென்று பார்த்தோம். திரையிலே அந்த மறுப்பு வந்தபோது கைதட்டியவர்களை நான் அறிவேன்.

சரித்திரம் வேறு விதமானது. சுந்தர சோழன் காலத்தில் ஈழத்துக்கு அனுப்பப்பட்ட படையின் தலைவனான கொடும்பாளூர்ச் சிறியவேளான் இங்கேயே மாண்டான். பின்பு, ஐந்தாம் மகிந்தனின் காலத்தில், சம்பளம் கிடைக்காத கூலிப்படைகள் கலகம் செய்ய, அரசன் உரோகணத்துக்கு ஓடினான். மறுகரையிலிருந்து வந்து போன ஒரு குதிரை வணிகன் இலங்கையின் சீர்குலைவைச் சோழ மன்னனுக்குத் தெரிவித்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. இராசராசன் 993ஐ ஒட்டிப் படையெடுத்து வடபகுதியைக் கைப்பற்றினான். 1017இல் அவன் மகன் இராசேந்திரனின் படைகள் மகிந்தனையும் அரசியையும் முடியையும் கவர்ந்து சென்றன. 1029இல் மகிந்தன் சோழ நாட்டிலேயே இறந்தான். தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டன, பொற்சிலைகள் வாரிச் செல்லப்பட்டன என்று சூளவம்ச ஆசிரியர் புலம்புகிறார். தோற்றவர் பக்கத்துப் பிக்கு எழுதிய ஏடு அது. அவருக்கும் ஒரு சார்பு உண்டு. எனினும், விகாரையைப் புதுப்பித்த இளவரசன் கற்பனை. விகாரையைக் கொள்ளையிட்ட படை பதிவு.

இதனைத் தமிழ் மாணவருக்குச் சொல்லத் தயங்கும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். சிங்களப் பாடசாலையில் சோழரைக் கொள்ளையர் என்று மட்டும் கற்பிக்கும்போது, நாம் ஏன் நமது பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். எந்தப் பக்கம் நமது பக்கம்? திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரை இருக்கிறது. சோழராட்சியிலே இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. தமிழிலே வெட்டப்பட்ட தானக் கல்வெட்டுகள் அங்குள்ளன. கொள்ளையிட்ட அரசின் காலத்திலேயே தமிழ் பேசிய மக்கள் புத்தன் கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். அநுராதபுரத்து இடிபாட்டையும் வெல்கம் விகாரையின் தமிழையும் சேர்த்துக் கற்பிக்க முடியாத ஆசிரியன் சரித்திரம் கற்பிக்கவில்லை, கட்சி கட்டுகிறான்.

இன்னுமொன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசனின் இருபத்தொன்பதாம் ஆண்டுக் கல்வெட்டு, ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றை அக்கோயிலுக்கு விட்டதைக் கூறுகிறது. அவற்றுட் கொட்டியாரப் பகுதியும் வருகிறது. கொட்டியாரம் எங்கள் கிழக்குக் கரையிலே, மூதூர்ப் பக்கத்தில் உள்ளது. அங்கிருந்து நெல்லும் காசும் இலுப்பைப் பாலும் தஞ்சாவூருக்குச் செல்லவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த வயலில் இறங்கியவன் எந்த மொழி பேசினான், எந்தத் தெய்வத்தை வணங்கினான் என்பதைக் கல் சொல்லவில்லை. அவன் விளைவித்தது கடல் கடந்து போயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. சோழர் பெருமை பேசுகிறவரும் சோழரைத் தூற்றுகிறவரும் அவனைக் கடந்தே போகிறார்கள்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்ட மற்றொரு கேள்வியையும் மறைக்கக் கூடாது. நாவலிலே குதிரை ஏற்றிவந்த அராபியக் கப்பல் ஒன்று ஈழக் கரையிலே சிக்குகிறது. அதில் வந்தவர்கள் முரடர்களாகவும் சூழ்ச்சிக்காரர்களாகவும் சித்திரிக்கப்படுகிறார்கள். "எங்கட ஆக்கள் அப்படியா சேர் வந்தாங்க?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை, ஒரு சிறு கூச்சம் இருந்தது. கல்கி ஒரு சாகசக் காட்சிக்காக அதனை எழுதினார், வெறுப்பினால் அல்ல என்றேன். பிறகு பதிவுகளைச் சொன்னேன். 849ஆம் ஆண்டுக்குரிய கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகர் குழு குறிப்பிடப்படுகிறது. சாட்சிகளின் ஒப்பங்களிற் சில கூபி எழுத்தில் உள்ளன. கொழும்பிற் கண்டெடுக்கப்பட்ட கூபி எழுத்துக் கல்லறைக்கல் ஒன்று ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டுக்குரியது, அதாவது கதை நிகழும் அதே பத்தாம் நூற்றாண்டு. ஒரு கிறித்தவப் பள்ளிக்கு விட்ட தானத்துக்கு அரபு எழுத்திற் சாட்சி ஒப்பமிட்டவர்களும், இந்த மண்ணிலே மரித்து அடங்கியவர்களும் நாவலின் கப்பலில் ஏறவில்லை. ஏறியிருந்தாற் கதையின் வேகம் குறைந்திருக்கும் போலும்.

இரண்டாம் பாகத்தின் முடிவே ரசிகர்களை மிகவும் சினங்கொள்ளச் செய்தது. நாவலிலே சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பது வெளிப்பட்டு, அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். படத்திலே அந்த மாற்றம் இல்லை. மதுராந்தகனுக்கே முடி போகிறது. நாவலுக்குத் துரோகம் என்றனர் பலர். சாசனப்படி பார்த்தால் இவ்விடத்தில் படமே உண்மைக்கு அண்மையில் நிற்கிறது. கண்டராதித்தன் மகனான உத்தம சோழன் 985 வரை ஆண்டான். குழந்தை மாறிய கதை கல்கியுடையது. மக்கள் அருள்மொழியை விரும்பியபோதும், சிறிய தந்தையின் விருப்பத்தை அறிந்து அவன் விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அருள்மொழியின் மகன் இராசேந்திரன் வெளியிட்ட செப்பேடு அது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மகன் எழுதுவிக்கும் தந்தையின் தியாகத்தைச் சிறிது உப்பிட்டே உண்ணவேண்டும்.

அந்த உத்தம சோழனின் பதினாறாம் ஆண்டுச் செப்பேடுகள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கதையில் எவரும் மதிக்காத இந்த மன்னனின் செப்பேடு எதைப் பற்றியது? காஞ்சிபுரத்து ஊரகத் திருமால் கோயிலின் நிவந்தங்களைப் பற்றியது. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு காஞ்சிச் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் இருந்தது. பட்டசாலிகள் என்போர் நெசவாளர்.

அதைப் படித்த அன்று மாலை நான் நேரே அந்தக் காக்காவின் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் இருந்தார், நூல் சற்று இறங்கியிருந்ததால் மீண்டும் சாரம் நெய்யத் தொடங்கியிருந்தார். படத்திலே காட்டாத தறி செப்பேட்டில் இருக்கிறது என்று சொன்னேன். கால்மிதியை நிறுத்தாமலே கேட்டார். எந்த ஊர், எத்தனை தெரு என்றெல்லாம் விசாரித்தார். நான்கு சேரிகள் என்றேன். "கோயில்ர கணக்க அவங்கதான் பார்த்தாங்களோ?" என்று வியந்தார். சற்று நேரம் கழித்து, "அவங்கட கூலி என்னண்டு எழுதியிருக்கா தம்பி?" என்றார். அதைப் பற்றி அங்கே ஒன்றும் எழுதியில்லை என்றேன்.

அந்த மாணவனின் தாளை அடித்துவிட்டுப் பத்துக்கு ஐந்து போட்டிருந்தேன். இப்போது அதே வினாவை மீண்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன், அவனுக்கு மட்டுமன்று, வகுப்பு முழுவதற்கும். உடையார்குடிக் கல்வெட்டையும் கொட்டியாரத்துச் செய்தியையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாவலைக் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். கொண்டுவரச் சொன்னேன்.